இருபத்து நான்கு ஜோடி ஏழாம் நம்பர்

காலில் மாட்டும் புதுச் சப்பாத்துக்கும் அரைகுறைப் படிப்புக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் முதல் சில வாரங்களுக்கு ஊரே கேட்கும்படி கிறீச்சிடும். இருபத்தொரு வயதில் என்னிடம் இரண்டுமே இருந்தன.

அந்த வயதுப் பையனை இன்று மலாக்காவில், காஜா பேராங் தெருவில் எங்காவது பார்த்தால் கன்னத்தில் இரண்டு வைத்து அனுப்புவேன். தலையில் அரைப் புட்டி எண்ணெய். சட்டைப் பையில் மூன்று பேனா (ஒன்றில்தான் மை இருக்கும்). கக்கத்தில் சதா ஒரு பழுப்பு உறை. அந்த உறைக்குள் லண்டனிலிருந்து கப்பலேறி வந்த தபால்வழிப் பாடம்: வணிக நிர்வாகம் படிப்போருக்கான கணக்கும் புள்ளிவிவரமும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு பாடம் வரும். பகலில் ரப்பர் கிடங்கு ஒன்றில் நான் எழுத்தர். மாலையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்க்க வசதியாக உறையைத் திருப்பி வைத்துக்கொண்டு படிப்பேன். லண்டன் முத்திரை வெளியே தெரிய வேண்டுமே.

முதல் பாடம் தனிவட்டி. இரண்டாவது கூட்டுவட்டி. மூன்றாவது தள்ளுபடி. இவற்றால் ஊருக்குப் பெரிய சேதம் ஒன்றும் நேரவில்லை. யாராவது நகையை அடகு வைக்கப் போகும்போது வழிமறித்து, பத்து வருடத்தில் வட்டி எவ்வளவு குட்டி போடும் என்று சொல்லி அழவைப்பேன், அவ்வளவுதான். நான்காவது பாடம் வந்ததும்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. நான்காவது பாடம் சராசரி.

எத்தனை எண்கள் இருந்தாலும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால், அத்தனைக்கும் பதிலாக ஒரே ஓர் எண் வந்து நிற்கிறது! உலகத்துக் குழப்பத்தை எல்லாம் ஒற்றை எண்ணில் அடக்கும் இந்த வித்தை தெரியாமல் என் அப்பா ஐம்பது வயதுவரை எப்படி உயிரோடிருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் வேலையாக எங்கள் வீட்டின் சராசரி வயதைக் கண்டுபிடித்தேன். அப்பாவுக்கு ஐம்பது, அம்மாவுக்கு நாற்பத்திரண்டு, எனக்கு இருபத்தொன்று, தம்பிக்குப் பத்து, தங்கைக்கு ஏழு. கூட்டி ஐந்தால் வகுத்தால் இருபத்தாறு.

சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“நம்ம வூட்டுல இருபத்தாறு வயசுல யாருடா இருக்கா?”

“யாரும் இல்லப்பா. இது சராசரி.”

“இருந்தா நல்லாருக்கும். அவனாச்சும் சம்பாதிச்சுப் போடுவான்.”

ஒரு சாதாரண மனிதர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், லண்டன்காரன் சொல்ல மறந்ததைச் சொல்லிவிட்டார். நானோ அவருடைய அறியாமையை எண்ணி உள்ளுக்குள் பரிதாபப்பட்டேன்.

நாடு சுதந்திரம் பெறப்போகிற வருடம் அது. மலாக்கா முழுக்கத் தோரணம். கொண்டாட்ட ஊர்வலத்தில் ஒவ்வொரு பேட்டைச் சங்கமும் ஓர் அணி அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தது. காஜா பேராங்கில் எங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. பெயர் பெரியது, இடம் சிறியது: ஒரு கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு கேரம் பலகை. சங்கத் தலைவர் வடிவேலு, ஜாலான் பெண்டஹாராவில் நகைக்கடை வைத்திருந்தவர். உறுப்பினர்களில் பாதிப்பேர் அவருடைய பட்டறையிலும் அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் நகை வேலை செய்தவர்கள். மீதிப்பேர் நான் எழுத்தராக இருந்த கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள். செயலாளர், வேறு யார், நான்தான்.

ஊர்வலக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன தலைவர் முகம் சிவக்கத் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கறுப்புச் சப்பாத்து. இந்த மூன்றும் இல்லாத அணிக்கு இடமில்லையாம். அது கூடப் பரவாயில்லை. இன்னொரு பேட்டைச் சங்கத்துக்காரர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: “காஜா பேராங் ஆளுங்களுக்கு எதுக்கு லா சப்பாத்து? வெறுங்காலோட வரட்டும், தார் ரோடாச்சும் வழுவழுன்னு ஆகும்.”

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

தலைவர் இதைச் சொன்னபோது கொட்டகையில் எல்லாரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். இருபத்து நான்கு பேர். அதில் ஒருவர்கூட அதுவரை சப்பாத்துப் போட்டதில்லை. மூட்டை தூக்குவோர் கூட்டத்துக்கு மூத்தவரான ஆறுமுகம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“வாங்கிடுவோம் தலைவரே. ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம்.”

போட்டார்கள். கோப்பியையும் சுருட்டையும் குறைத்து இரண்டு மாதம் சேர்த்தார்கள். தலைவர் அந்தப் பணத்தை என் கையில் கொடுத்து, “நீதான் கணக்குப் படிச்ச புள்ள. ஒவ்வொருத்தன் காலையும் அளவெடுத்து, பாத்து வாங்கிட்டு வா தம்பி,” என்றார்.

அளவெடுப்பதா? நானா? அதாவது, நான் நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுத, எனக்கு எதிரே மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவர்களின் காலடியில் குந்தி, அவர்களுடைய குதிகாலைப் பிடித்து அளக்க வேண்டுமாம்! லண்டனில் தெரிந்தால் என் பாடத்தையே நிறுத்திவிடுவார்கள். இந்த எண்ணத்தை நான் வெளியே சொல்லவில்லை. “அதைவிட விஞ்ஞான முறை ஒன்று இருக்கு,” என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் அவரவர் காலைப் பழைய செய்தித்தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பெயர் எழுதிக் கொண்டுவரும்படி உத்தரவிட்டேன்.

இருபத்து நான்கு காகிதங்கள் வந்தன. ஆறுமுகம் அண்ணனுடைய பாதம் காகிதத்தை விட்டு வெளியே போய், பெருவிரல் மட்டும் இன்னொரு தாளில் ஒட்டப்பட்டிருந்தது. நகைப் பட்டறை ரத்தினத்தின் பாதத்தை உள்ளங்கையால் மறைத்துவிடலாம். பார்த்ததும் எவனுக்கும் விஷயம் புரிந்திருக்கும். ஒரு பக்கம் தோணிகள், ஒரு பக்கம் மாவிலைகள், நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் படித்தவன் பார்க்க மாட்டான், கணக்குப் போடுவான்.

சப்பாத்துக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடமிருந்து அளவுகோல் ஒன்றை இரவல் வாங்கிவந்து, காகிதம் காகிதமாக வைத்து நம்பர் குறித்தேன். மூட்டைக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் எட்டு, ஒன்பது, பத்து. பட்டறைக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் நாலு, ஐந்து, ஆறு. கூட்டினேன்: நூற்று அறுபத்தெட்டு. இருபத்து நான்கால் வகுத்தேன்.

ஏழு.

பின்னம் இல்லை, மீதி இல்லை. சுத்தமான ஏழு. என் உடம்பு சிலிர்த்தது. கடவுளே கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டதுபோல் இருந்தது.

அந்த ஏழை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். தவுக்கே முட்டி தெரியும் காற்சட்டையும் பனியனுமாக, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். விலை கேட்டேன். ஆளுக்கொரு அளவு என்றால் ஒரு விலை சொன்னார். அது நாங்கள் சேர்த்த பணத்துக்குச் சரியாக இருந்தது. பிறகு, ஒரு மூலையைக் காட்டி, பட்டாளத்துக்கென்று வந்து மீந்துபோன சரக்கு இரண்டு பெட்டி கிடக்கிறது, ஒரே அளவு, மொத்தமாக எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றார்.

“என்ன அளவு?”

“துஜூ.” ஏழு!

மூன்றாம் பாடம் தள்ளுபடி, நான்காம் பாடம் சராசரி; இரண்டும் கைகோத்து ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் கட்டச் சொன்னேன்.

தவுக்கே ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டார். “செமுவா சாமா?” எல்லாம் ஒரே அளவா என்று கேட்டார். என் கையிலிருந்த காகிதங்களை வாங்கிப் புரட்டினார். ஆறுமுகம் அண்ணனுடைய தாளை ஒரு கையிலும் ரத்தினத்தின் தாளை மறு கையிலும் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார்.

நான் எனக்குத் தெரிந்த மலாயில் சராசரியை விளக்கினேன். பெரியவர்களிடம் இருக்கும் மிச்சத்தை எடுத்துச் சின்னவர்களிடம் இருக்கும் குறையில் போட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்றேன். தவுக்கே பொறுமையாகக் கேட்டார்.

“காக்கி தாக் போலே பஹாகி,” என்றார். காலைப் பங்கு போட முடியாதே தம்பி, என்று அர்த்தம்.

நான் சிரித்தேன். பள்ளிக்கூடம் போகாத மனிதன், பாவம். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. வியாபாரி, தூசி படிந்த சரக்கு தானாக நடந்து வெளியே போகிறது. பெட்டியைக் கட்டும்போது குனிந்து என் காலைப் பார்த்து, “லூ துஜூ,” என்றார். நீ ஏழுதான்.

உண்மை. என் கால் ஏழாம் நம்பர்.

மிச்சம் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுப்பேனா? மஞ்சள் பட்டுத் துணியில் ஒரு பதாகை எழுதவைத்தேன். சங்கத்தின் பெயர் மூன்று வரி. கீழே, ‘செயலாளர்’ என்று போட்டு என் பெயர். ஓவியர் சின்னதாகத்தான் எழுதினார். நான்தான் பக்கத்திலேயே நின்று பெரிதாக்கவைத்தேன். அந்தப் பதாகையை அணிக்கு முன்னால் பிடித்துச் செல்லும் இருபத்தைந்தாவது ஆள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சப்பாத்துப் பெட்டிகளை ஊர்வலத்தன்று காலைவரை கிடங்கில் பூட்டி வைத்தேன். முன்பே கொடுத்தால் அழுக்காக்கிவிடுவார்கள் என்று ஒரு மேதாவித்தனம். ஆறு மணிக்குக் கொட்டகை வாசலில் பெட்டியை உடைத்துப் பிரசாதம் மாதிரி ஆளுக்கொரு ஜோடி வழங்கினேன்.

தோலின் வாசனையை முகர்ந்து பார்த்தவர்கள் உண்டு. கண்ணில் ஒற்றிக்கொண்டவரும் உண்டு. பிறகு காலில் மாட்டத் தொடங்கினார்கள்.

“என்னா தம்பி, கட்டவெரலு மடங்கிக்கிட்டு நிக்குது?” ஆறுமுகம் அண்ணன் தேங்காயெண்ணெய் தடவி, ஒரு சுவரில் சாய்ந்து, இரண்டு பேர் தள்ள, காலை உள்ளே நுழைத்திருந்தார்.

“தோல் சப்பாத்து அண்ணே. புதுசுல அப்படித்தான். நடக்க நடக்க விரியும்.”

அந்தப் பக்கத்திலிருந்து ரத்தினம், “எனக்கு உள்ளாற இன்னொரு காலு வைக்கலாம் போல இருக்கு லா,” என்றான்.

“நடக்க நடக்கச் சுருங்கும்.”

ஆறுமுகம் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அதே தோலா தம்பி?”

“அதே தோல்தான்.”

“என் காலுல விரியும், அவன் காலுல சுருங்குமா?”

“ஆமாண்ணே,” என்றேன், கொஞ்சங்கூடக் கூசாமல்.

அவர் நம்பினார். இதுதான் இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. சப்பாத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நம்பினார். எல்லாரும் நம்பினார்கள். ரத்தினமும் பட்டறைப் பையன்களும், நான் தூக்கி எறிந்திருந்த அந்தச் செய்தித்தாள்களைப் பொறுக்கி, தங்கள் பாதத்தின் படத்தையே கசக்கிச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டார்கள்.

மேளத்துக்கு ஆள் பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்பத்து மணியம். அந்தக் கம்பத்தாருக்குப் பெயரும் சாமியும் தமிழ், பேச்சு மலாய். நாங்கள் எல்லாரும் அவரை பாங் மணியம் என்போம். பாங் என்றால் அண்ணன். அவருக்கும் ஒரு ஜோடி வாங்கட்டுமா என்று நான் முன்பே கேட்டிருந்தேன். வேண்டாம், சப்பாத்துப் போட்டால் தாளம் தரையில் இறங்காது என்று சொல்லிவிட்டார். வெறுங்காலோடு எனக்கு நேர் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் நான்கு நான்கு பேராக ஆறு வரிசை.

கிளம்பினோம். டும் டும் என்று மேளம் முழங்க, பதாகையை நெஞ்சுக்கு நேரே உயர்த்திக்கொண்டு, நான் நடந்த நடை இருக்கிறதே! நாட்டுக்குச் சுதந்திரத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிவந்ததைப் போல ஒரு நடை. என் காசில் தனியாக வாங்கியிருந்த என் சப்பாத்து அளவெடுத்தாற்போல் இருந்தது (அளவெடுத்ததுதானே, எனக்கு மட்டும்).

இனி என் பின்னால் நடந்ததெல்லாம் நான் பார்த்ததல்ல. பிறகு பல பேர், பல வருடங்கள், பல கல்யாண வீடுகளில் சொல்லக் கேட்டுச் சேர்த்தது.

குபு சாலை வருவதற்குள் ரத்தினத்தின் வலது சப்பாத்து காலை விட்டுக் கிளம்பி, முன்வரிசைக்காரரின் முதுகில் மோதி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன்மேல் பின்வரிசை ஏறியது. சாலை திரும்பும்போது சின்னக் கால்காரர்கள் திரும்ப, சப்பாத்துகள் பழைய திசையிலேயே போயின. பெரிய கால்காரர்கள் முகம் வியர்த்து, பல்லைக் கடித்து, முட்டையின் மேல் நடப்பதுபோல் நடந்தார்கள். நூற்று இருபது கட்டி (எழுபது கிலோவுக்கு மேல்) மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படகுப் பலகையில் ஓடுகிற மனிதர்கள் அவர்கள். அவர்களை ஒரு ஜோடி சப்பாத்தால் நொண்டவைத்தவன் நான். குதிகால் தோல் உரிந்து இரத்தம் கசிந்தபோது ஒருவர் ஓரமாக உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். ஜாலான் பெண்டஹாராவுக்குள் நுழைந்தபோது மூன்று வரிசைதான் மிச்சம். மசாலைக் கடைகளைத் தாண்டியபோது அதுவும் இல்லை. இருபத்து நான்கு பேரும் கடைவாசல் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கேட்டதெல்லாம் மேளம்தான். கூட்டம் என்னைப் பார்த்துக் கை கொட்டிச் சிரித்தது. மக்கள் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்து, பதாகையை இன்னும் ஒரு முழம் உயர்த்தினேன். சிரிப்பு அதிகமாயிற்று. நானும் புன்னகைத்தேன்.

ஒருமுறை மட்டும் சந்தேகம் வந்து கழுத்தைத் திருப்பப் போனேன். பின்னாலிருந்து பாங் மணியம், “ஜாலான் சாஜா லா! ஜாங்கான் தெங்கோக் பெலாக்காங்!” என்றார். நடந்துகொண்டே இரு, பின்னால் பார்க்காதே. ஆகா, சுதந்திர நாட்டுக்கு எப்பேர்ப்பட்ட தத்துவம் என்று வியந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டபோது அவர் சொன்னது: “நீ திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாய். நீ நின்றால் நான் மட்டும் தனியாக நடக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்காதா?”

ஆற்றுப் பாலத்தைக் கடந்து பண்டார் ஹிலிர் திடலுக்குள் நுழைந்தோம். பந்தலில் பெரிய மனிதர்கள், அவர்களுடைய மனைவிமார், விசிறிகள். ஒலிபெருக்கியில் எங்கள் சங்கத்தின் மூன்று வரிப் பெயரையும் மூச்சுப் பிடித்துப் படித்து, “இருபத்து நான்கு பேர் கொண்ட அணி வருகிறது,” என்றார் அறிவிப்பாளர். நான் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் பழகியிருந்த குரலில் கத்தினேன்:

“அணி! வலப்பக்கம் பார்!”

நானும் பார்க்க வேண்டுமே, அதனால் மிடுக்காகத் தலையைத் திருப்பினேன். கடைக்கண்ணில் முதல் வரிசை தெரியவில்லை. முழுசாகத் திரும்பினேன். பாங் மணியம் இருந்தார். அவருக்குப் பின்னால் பச்சைப் புல். அதற்குப் பின்னால், தூரத்தில், அடுத்த பேட்டை அணி.

பந்தலிலிருந்து ஒரு குழந்தை கை தட்டியது. அதன் அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். நோட்டுப் புத்தகத்தோடு நின்ற கமிட்டிக்காரர் அருகில் வந்து, மிகவும் மரியாதையாக, “மானா ஓராங் லாயின்?” என்றார். மற்ற ஆட்கள் எங்கே?

“வந்துகொண்டிருக்கிறார்கள்,” என்று உளறிவிட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு மரத்தடியில், அந்த மஞ்சள் பதாகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். மறைந்து என்ன பயன்? முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

மூன்று நான்கு அணிகள் கடந்துபோயின. அப்போது பாலத்துப் பக்கம் ஒரு சலசலப்பு.

அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆறு வரிசை, நான்கு நான்கு பேர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சப்பாத்துகளின் கயிற்றை ஒன்றோடொன்று முடிந்து மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தார்கள். வெறுங்கால். முன்வரிசையில் ஆறுமுகம் அண்ணன்; பக்கத்தில் அவர் தோளுக்குக் கீழே ரத்தினம். நாற்பத்தெட்டுக் கால்களும் ஒரே நேரத்தில் விழுந்தன, ஒரே நேரத்தில் எழுந்தன. பாங் மணியம் மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர்களுக்கு முன்னால் சேர்ந்துகொண்டார். பந்தலுக்கு நேரே வந்ததும் ஆறுமுகம் அண்ணன் எந்தக் கட்டளையும் போடவில்லை. தலையைத் திருப்பினார், இருபத்து நான்கு தலைகளும் திரும்பின.

அன்று திடலில் எழுந்த கைதட்டலிலேயே பெரியது அதுதான். தார் ரோட்டைப் பற்றிக் கிண்டல் செய்த அந்தப் பேட்டைக்காரர்கூட எழுந்து நின்று தட்டினார். அவருடைய அணி முன்னமேயே போய்விட்டது, எத்தனை பேர் என்று யாருக்கும் நினைவில்லை. எங்கள் தலைவர் பந்தலின் கோடியில் நின்று அழுதுகொண்டே தட்டினார். அவர்கள் என் மரத்தைக் கடந்து போனபோது ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தினம் மட்டும் கண்ணடித்தான்.

வெறுங்காலோடு போகலாம் என்ற யோசனை யாருடையது என்று பிறகு தெரிந்தது. ஆறுமுகம் அண்ணனின் தங்கை செல்லம், ஊர்வலம் பார்க்க ஜாலான் பெண்டஹாராவுக்கு வந்திருக்கிறாள். நடைபாதையில் இரத்தக் காலோடு உட்கார்ந்திருந்த இருபத்து நான்கு பேரையும் பார்த்து, “சப்பாத்து வாங்கிட்டோம்னு காட்டணும், அவ்ளோதானே? கழுத்துல மாட்டிக் காட்டுங்க. நடக்கிறதுக்குத்தான் காலு இருக்கே!” என்றிருக்கிறாள். லண்டனில் படிக்காதவள்.

மறுநாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு பெட்டிச் சப்பாத்தையும் சரியான அளவுக்கு மாற்றிவரச் சொன்னார். குறையும் பணம் என் சம்பளத்தில் என்று சேர்த்துச் சொன்னார். நான் தவுக்கேயிடம் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. அளவுகோலை எடுத்து நீட்டினார்.

அந்த வாரம் முழுக்கக் காலைப் பிடித்தேன். கொட்டகைப் பெஞ்சில் ஒவ்வொருவராக உட்கார, மண்ணில் குந்தி, குதிகாலைக் கையில் ஏந்தி அளந்தேன். ஆறுமுகம் அண்ணனுடைய குதிகால் புண் ஆறியிருக்கவில்லை. நான் தொட்டதும் அவர் காலை இழுத்துக்கொண்டார். வலியால் என்று நினைத்தேன்; வெட்கப்பட்டிருக்கிறார்.

“நீ போயி என் காலப் பிடிக்கிறியே தம்பி. படிச்ச புள்ள.”

இழுத்துக்கொண்ட காலை மறுபடி கையில் எடுத்தேன். அளவைக் குறித்தேன். பத்து. அகலம் அதற்கும் மேல்.

அதற்கடுத்த வாரக் கப்பலில் ஐந்தாவது பாடம் வந்தது. தலைப்பு, பரவல். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகிக் கிடக்கின்றன என்று பார்க்காமல், சராசரியை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்ச காலம் எல்லாரிடமும் பழியைக் கப்பல்மேல் போட்டுத் திரிந்தேன். பாடம் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பிப்பேன். அது பொய். காலைக் குனிந்து பார்ப்பதற்கு எந்தப் பாடமும் தேவையில்லை. குனியத்தான் எனக்கு மனமில்லை. கணக்கு அதற்கு ஒரு சாக்கு.

பிற்காலத்தில் மாலைக் கல்லூரி ஒன்றில் இதே கணக்கையும் புள்ளிவிவரத்தையும் முப்பது வருடம் வியாபார நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன் என்பது, கல்வித் துறைக்கு என்மேல் இருந்த கருணை. அதைவிடப் பெரிய கருணை, ஆறுமுகம் அண்ணன் மூன்று வருடம் கழித்துச் செல்லத்தை எனக்குக் கட்டிக்கொடுத்தது. (“உன்னையக் கண்காணிக்க வூட்டுல ஒரு ஆள் வேணும் தம்பி.”)

கல்யாணமான முதல் வாரம் இருவரும் பசாருக்குப் போனோம். நான் இரண்டடி முன்னால் நடந்துகொண்டு, தவணைமுறையில் சாமான் வாங்கினால் உண்மையான வட்டி எவ்வளவு ஆகிறது என்று விளக்கிக்கொண்டே போனேன். நெடுநேரம் பதில் இல்லை. திரும்பினால் ஆளைக் காணோம். நூறு கஜம் பின்னால், ஒரு வளையல் கடை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எத்தனை தூரம் போறீங்கன்னு பாத்தேன்,” என்றாள்.

அதை அவள் பிள்ளைகளுக்குப் பழக்கினாள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டார்கள். நான் வாயைத் திறந்து ஏதாவது விளக்க ஆரம்பித்தால் போதும். குடும்பமே சத்தமில்லாமல் நின்றுவிடும், நான் போய்க்கொண்டே இருப்பேன். போன தீபாவளிக்குத் துணி எடுக்க ஒன்பது பேராக ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனோம். கூட்டுவட்டியில் இருந்தேன், நல்ல இடம். எதிரே வந்த ஓர் இளைஞன் நின்று, என்னைப் பரிவோடு பார்த்தான்.

“யாருகிட்ட ஐயா பேசிட்டு வர்றீங்க?”

“குடும்பத்தோடப்பா,” என்று சொல்லித் திரும்பிக் கைகாட்டினேன்.

பின்னால் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.